கிளி எந்தக் கையில்?

வாருங்கள் தோழர்களே, வந்து இந்த வெறுந்தூணைப் பாருங்கள்! பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துச் சாட்சி சொல்லுங்கள்!

திருவரங்கத்தின் வடகரையில், கொள்ளிடத்து மணல்வெளியை நோக்கி, கூரை சரிந்த கல்மண்டபம் ஒன்று நிற்கிறது. அதன் முன்தூணில் சாய்ந்தபடி, இடுப்புயரத் தனிக்கல்லில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஒரு கிளி. செதுக்கியவன் பெயரை எந்தக் கல்வெட்டும் எழுதி வைக்கவில்லை. ஆண்டவர்கள் அத்தனை பேரும் போனார்கள்; அவள் போகவில்லை. கரைபுரண்ட வெள்ளமெல்லாம் வடிந்தது, அவள் அசையவில்லை. கல்யாணம் கைகூட வேண்டுமென்று கரையோரத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் அவள் மேனியில் இலுப்பெண்ணெய் தடவினார்கள். தடவத் தடவக் கறுத்து, கறுக்கக் கறுக்க மின்னியவள், சென்ற வைகாசியில் ஒருநாள், அந்தி விளக்கேற்றப் போனவர்கள் பார்த்தபோது அங்கே இல்லை.

திருடியது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேட ஊர் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் அநீதி பிறந்தது!

பாலக்கரையில் கல்யாணப் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவள் ஆரிஃபா. ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இடிந்த கோட்டைகளையும் சிதைந்த மண்டபங்களையும் தேடிப் போவாள். அழிவதற்குமுன் அத்தனையையும் படத்தில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய தீராப் பித்து. அன்று நண்பகலில் அவளுடைய வேன் மண்டபத்தருகே நின்றதை ஊரே பார்த்தது. "அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" என்றது ஒரு குரல். "பேரக் கேட்டியா?" என்றது இன்னொரு குரல். பெயரைக் கேட்டார்கள் தோழர்களே, பெயரைக் கேட்டார்கள், நியாயத்தைக் கேட்கவில்லை!

சாட்சியோ தானாகவே நடந்து வந்தது. தெப்பக்குளத்தருகே கலைக்கூடம் நடத்தும் சிவசங்கர், இடிபாடுகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். அவர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினார். "அன்று காலையில் நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். சிலை இருந்தது. இதோ படம். இது ஃபிலிமில் எடுத்தது. ஃபிலிம் பொய் சொல்லாது."

படத்தில், கிழக்குத் திசையான இடப்புறத்திலிருந்து இளவெயில் சரிந்து விழுந்திருந்தது. வலக்கையில் கிளியோடு சிலை. பக்கத்தில் சுடிதார் அணிந்த அவர் மனைவி ஸ்ரீவித்யா. காலையில் சிலை இருந்தது, அந்தியில் இல்லை, இடையில் வந்து போனது ஆரிஃபாவின் வேன். வழக்கு அத்துடன் முடிந்தது. ஆரிஃபா சிறைக்குப் போனாள்.

அவளுடைய கணவன் அன்வர் கடைசியாக ஏறிய படி, துப்பறியும் தாயுமானவன் வீட்டுப் படி.

தாயுமானவன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தச் சீட்டையும் திருப்பிப் பார்க்காமல் நம்பாத மனிதர். அவருடைய உதவியாளர் ஜெஸ்லின், கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். நாக்கைத் தினமும் சாணை பிடிப்பவள். அவளிடம் ஒரே ஒரு பயம் உண்டு. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது இரும்பு பீரோவுக்குள் ஒளிந்தாள், பீரோ பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து மூடிய அறை என்றால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். லிஃப்ட் இருக்கும் கட்டடத்திலும் படியேறித்தான் போவாள். பயம் ஏற ஏற அவளுடைய கேலியும் ஏறும்.

அன்று பிற்பகல் இருவரும் சிவசங்கரின் கலைக்கூடத்து வாசலில் நின்றார்கள்.

"சார், நெகட்டிவக் காட்டுங்கன்னு நேராவே கேக்கப் போறீங்களா?"

"கேக்காம எப்படிம்மா காட்டுவாரு?"

"நாம சந்தேகப்படற ஆளுகிட்டயே போயி ஐயா தர்மம் பண்ணுங்கன்னு கேக்கற ஒரே டிடெக்டிவ் நீங்கதான் சார்."

"டிக்கெட் கேட்டா கோவப்படறவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது ஜெஸ்லின். இவரு கோவப்படறாரான்னு பாக்கலாம் வா."

வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாக நின்றவள் ஸ்ரீவித்யா. சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணுக்கு ஏறவில்லை. அவளுடைய மூக்கில் ஒற்றைக்கல் ஒன்று சுடர்விட்டது.

"மேடம், மூக்குத்தி பளிச்சுன்னு இருக்குங்க. எந்தக் கடை?" என்றாள் ஜெஸ்லின்.

ஸ்ரீவித்யாவின் விரல் வலப்பக்க மூக்குக்குப் போயிற்று. பதில் வருவதற்குமுன் அவள் பார்வை உள்ளறைப் பக்கம் ஒருமுறை ஓடித் திரும்பியது. "அவருதான் வாங்கிட்டு வந்தாரு. எனக்குக் கடை தெரியாதுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்பிருங்க. இங்க கண்காட்சி இன்னிக்கோட முடியுது. எல்லாத்தையும் லாரில ஏத்தி வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பறாங்க" என்றாள்.

சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு விருந்தாளியைப் போகச் சொல்லும் பெண்ணை ஜெஸ்லின் அன்றுதான் பார்த்தாள்.

கூடத்தின் சுவர்களில் இடிபாடுகள் அழகழகாகத் தொங்கின. ஆலமரம் பிளந்த கோபுரம், வௌவால் குடியிருக்கும் அந்தப்புரம், தலையில்லாத துவாரபாலகர். கீழே வெள்ளை வெளேரென்று வரிசையாகச் சிலைகள். 'எனது புகைப்படங்களைப் பார்த்து வார்த்த பிளாஸ்டர் நகல்கள்' என்றது அறிவிப்புப் பலகை. வரிசையின் நடுவே கிளிப்பெண்ணின் நகல். அதைச் சுற்றித்தான் கூட்டம். காணாமற்போன சிலைக்கு வந்த புகழ்! அத்தனை பேரும் சிலைக்கு முதுகைக் காட்டி, போனுக்கு முகத்தைக் காட்டினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, சிலையின் இடக்கையிலிருந்த கிளிக்கு முத்தம் கொடுப்பதுபோல் உதட்டைக் குவித்தாள். நீதிமன்றத்துக்குப் போன அதே புகைப்படம், பெரிதாக்கப்பட்டு எதிர்ச்சுவரில் தொங்கியது. ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மற்றொன்றுக்கு முதுகு காட்ட வேண்டும்.

"சார், இங்க யாரோ கோயில் விளக்குத் திரியப் பாக்கெட்ல வச்சிருக்காங்க. இலுப்பெண்ணெய் வாடை அடிக்குது."

"பக்கத்துலயே மலைக்கோட்டை இருக்கும்மா. இந்த ஊர்ல எண்ணெய் வாடை அடிக்காத இடம் ஏது?" என்று நடந்தார் தாயுமானவன். அதை அவர் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய நடை. அதன் முடிவில் தடித்த மரக்கதவு; மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கதவருகே, தட்டில் டீக் குவளைகளோடு, அசையாமல் நின்றார் ஒரு பெரியவர்.

"ஓனர் உள்ள இருக்காருங்களா?" என்றாள் ஜெஸ்லின்.

பெரியவர் காதில் கைவைத்துச் சாய்ந்தார். "சத்தமா சொல்லும்மா. காது நமக்கு நேரா வராது."

"ஓனர்! உள்ளயா?"

"உள்ளதான். பிரிண்ட் போடறாரு. சிவப்பு எரியுதுல்ல? அது அணைஞ்சாத்தான் கதவு."

"டீ ஆறுதே தாத்தா. தொறந்து குடுத்துருங்க."

"பிச்சமுத்து ஒருக்காதான் தொறப்பான் தாயி," என்றார் அவர், தன்னையே யாரோ மூன்றாமவர்போலச் சுட்டி. "முன்னாடி இது ஸ்டூடியோவா இருந்தப்ப, சிவப்பு எரியறப்ப தெரியாமத் தொறந்துட்டேன். முசிறிக்காரங்க வீட்டுக் கல்யாணம். தாலி கட்டுனதுல இருந்து பந்தி வரைக்கும் அம்புட்டும் கருப்பாப் போச்சு. மாப்பிள்ள வீட்டுல இருந்து வந்து கேட்டானுங்க பாரு கேள்வி! அதுலருந்து, இந்த வீடே தீப்பிடிச்சாலும் சிவப்பு எரிஞ்சா நான் கதவத் தொட மாட்டேன். அணைஞ்சா, டீயோட உள்ள போவேன். அம்புட்டுதான்."

விளக்கு அணைந்தது. சொன்னதுபோலவே பிச்சமுத்து அந்தக் கணமே கதவைத் திறந்தார். கையைத் துடைத்தபடி வந்தார் சிவசங்கர். வந்த காரணத்தைத் தாயுமானவன் சொன்னார்.

கோபப்படவில்லை சிவசங்கர். குளிர்ந்த முகத்தோடு சிரித்தார்.

"நெகட்டிவ்தானே சார்? தாராளமா பாருங்க. உள்ளதான் இருக்கு. போனெல்லாம் என்கிட்ட குடுத்துருங்க. ஸ்கிரீன் வெளிச்சம் பட்டா பேப்பர் பாழாயிடும்."

இருவரும் போனைக் கொடுத்தார்கள். ஜெஸ்லினின் கால்கள் வாசற்படியில் நின்றுவிட்டன. ஜன்னலில்லாத அறை. சுவரெல்லாம் கறுப்புத் துணி. மருந்துத் தண்ணீரின் புளித்த நெடி.

"நீ வெளியவே இரும்மா," என்றார் தாயுமானவன்.

"பரவால்ல சார். இத்தன இருட்டப் பாத்தா, உங்கள விட்டா ஆந்தை தூக்கிட்டுப் போயிரும்," என்று நுழைந்தாள்.

சிவசங்கர் உள்ளிருந்த சுவிட்சைத் தட்டினார். அறைக்குள் ஒரு சிவப்பு விளக்கும், வெளியே கதவுக்கு மேலிருந்த விளக்கும் ஒன்றாக எரிந்தன. "அலமாரிச் சாவி மேசையில இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று வெளியேறினார். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. அதன் பின் பூட்டுச் சாவியின் ஓசை எதுவும் இல்லை, தேவையும் இல்லை. தடித்த மரத்துக்கு அந்தத் தாழ்ப்பாளே போதும்.

ஜெஸ்லின் தட்டினாள். குத்தினாள். தோளால் இடித்தாள். வெளியே தெருவில் ஏதோ ஊர்வலம். தவிலும் நாதஸ்வரமும் மலைக்கோட்டைப் பாறையில் மோதித் திரும்பின. அவளுடைய குரல் கறுப்புத் துணியிலேயே மடிந்தது.

"சார்… கோவப்படாதவன்கிட்ட டிக்கெட் இருக்கும்னு சொன்னீங்க."

"தப்பு பண்ணிட்டேன்மா. சில பேரு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கறதுக்காகச் சிரிச்சிக்கிட்டே வருவான்."

"லாரி கிளம்பற வரைக்கும் நம்மள வச்சிருந்துட்டு, 'பழைய தாழ்ப்பாள் சார், தானா விழுந்துடுச்சு'ன்னு வந்து மன்னிப்புக் கேப்பான்."

"கேப்பான். டீயும் குடுப்பான்."

சுவர்கள் நகர்வதுபோல் இருந்தது ஜெஸ்லினுக்கு. பீரோவின் இரும்பு வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. எதையாவது பார்க்க வேண்டும், எதையாவது பேச வேண்டும். மூலையில் ஸ்டூடியோ காலத்து ஆளுயரக் கண்ணாடி. அதன் முன்பலகையில் பல்லுடைந்த சீப்பு, துருப்பிடித்த பவுடர் டப்பா. படம் பிடிக்க வந்தவர்கள் எத்தனை பேர் அதில் முகத்தைத் திருத்தியிருப்பார்கள்!

"சாகறதுக்கு முன்னாடி பவுடராவது போட்டுக்கறேன் சார். நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரும்ல," என்று கண்ணாடி முன் நின்றாள்.

பின்னால், தாயுமானவன் தன் பையிலிருந்த நகலை எடுத்து விளக்கடியில் பிடித்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்துக்குப் போன படத்தின் நகல். கண்ணாடியில் அவர் தோளுக்கு மேலாக அந்தப் படம் தெரிந்தது.

பவுடர் டப்பாவைத் தொட்ட கை அப்படியே நின்றது.

"சார், அசையாதீங்க."

"என்ன, பல்லியா?"

"கிளி சார். கிளி கை மாறிடுச்சு."

தாயுமானவன் கண்ணாடிக்கு வந்தார். அவர் கையிலிருந்த படத்தில் கிளி வலக்கையில் இருந்தது. கண்ணாடிக்குள் இடக்கைக்குப் போயிருந்தது.

"கண்ணாடின்னா மாறத்தானே செய்யும்? செல்ஃபியிலயும் அப்படித்தான் மாறுதுன்னு நீயே சொன்னியே. போலீஸ் கரைக்காரங்க போனையெல்லாம் பாத்தாங்க. பாதி போன்ல இடக்கை, பாதி போன்ல வலக்கை. எது நிஜம்னு ஒருத்தருக்கும் நினைவில்லன்னு விட்டுட்டாங்க."

"அது இல்ல சார். வெளியில அந்த வெள்ளை பொம்மை! ஒரு பொண்ணு கிளிக்கு முத்தம் குடுத்தாளே, அந்தக் கிளி இடக்கையில இருந்துச்சு. இந்தப் படத்தப் பாத்து வார்த்தேன்னு போர்டு வச்சிருக்கான். படத்துல வலது. பொம்மையில இடது. ஒரே கூடத்துல எதிரெதிரா!"

தாயுமானவன் பெருமூச்சு விட்டார். "ரெண்டுல ஒன்னு புரண்டிருக்கு. எது?"

ஜெஸ்லின் படத்தைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஸ்ரீவித்யாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குமேல், இடப்பக்க மூக்கில், ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கல் மின்னியது.

"நம்ம ஊர்ல ஒத்த மூக்குத்தின்னா பொம்பளைங்க வலப்பக்கம்தான் குத்துவாங்க. சரி, இவங்க விதிவிலக்கோன்னு வச்சுக்குவோம். ஆனா வாசல்ல நான் கேட்டப்ப அவங்க கை எங்க போச்சு? வலப்பக்கம். கண்ணால பாத்தேன். மூக்குத் துளைய நினைச்சப்பெல்லாம் இடம் மாத்த அது என்ன சட்டைப் பித்தானா? பொம்மை புரளல சார். படம்தான் புரண்டிருக்கு."

"ஃபிலிமத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கான்," என்றார் தாயுமானவன் மெல்ல. "ஃபிலிம் பொய் சொல்லாது. அதைத் திருப்பிப் போடற கை சொல்லும். ஜெஸ்லின், புரண்ட படத்தப் பாத்து வார்த்த நகல்ல கிளி வலக்கையிலதான் இருக்கணும். அப்படி இல்லன்னா, அது படத்தப் பாத்து வார்த்தது இல்ல."

"எண்ணெய் வாடை…" என்றாள் அவள்.

"எண்ணெய் வாடை," என்றார் அவரும். "ஆயிரம் பேரு முன்னாடி, சுண்ணாம்பு பூசி, நிஜக் கல்லையே நகல்னு நிறுத்தியிருக்கான்! நகல்னா சுங்கத்துல கேள்வி இல்ல. இனிமே வெளிச்சத்தோட விஷயம் ஒன்னுதான் பாக்கி…"

அவர் முடிக்கவில்லை. சுவருக்கு அப்பால் லாரி ஒன்று பின்வாங்கும் 'பீப், பீப்' ஒலி எழுந்தது. ஏற்றப் போகிறார்கள்! சிலை ஏறிவிட்டால் சான்று ஏறியது. சான்று போனால் சிறைக்கதவு ஆரிஃபாவுக்குத் திறக்காது. உண்மை இருவர் கையிலும் இருந்தது. இருவரும் பெட்டிக்குள் இருந்தார்கள்.

ஜெஸ்லின் மறுபடியும் கதவுக்கு ஓடினாள். ஓங்கிய கையைத் தாயுமானவன் பிடித்தார்.

"அந்தப் பக்கம் யாரு இருப்பா?"

"அந்தக் காது கேக்காத தாத்தா."

"அவரு எதப் பாத்துட்டு நிப்பாரு?"

அவள் தலை நிமிர்ந்து அறையின் ஒரே விளக்கைப் பார்த்தாள். உள்ளே இது எரியும்வரை வெளியே அதுவும் எரியும். வீடே தீப்பிடித்தாலும் அவர் தொடமாட்டார். வெளியேற வேண்டுமானால், இருக்கும் ஒரே வெளிச்சத்தையும் தன் கையாலேயே அணைக்க வேண்டும்.

"நான் அணைக்கறேன். நீ கண்ண மூடிக்க," என்றார் அவர்.

"வேணாம் சார்." அவளுக்குக் கேலி வரவில்லை; வாழ்க்கையில் முதன்முறையாக வரவில்லை. "எனக்காவது நாலு நிமிஷ பீரோ. ஜெயிலுக்குள்ள இருக்கறவளுக்கு?"

சுவிட்சைத் தட்டினாள்.

இருள் என்றால் அப்படியோர் இருள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. இரும்புக் கதவும் அம்மாவின் பட்டுப்புடவை அடுக்கும் சின்னஞ்சிறு முழங்கால்களும் அவளைச் சுற்றி எழுந்தன. மூச்சு பாதியில் நின்றது. வெளியே அரவமில்லை. இன்னும் இல்லை. பெரியவர் கூடத்துக்குப் போய்விட்டாரா? டீக்கடைக்குப் போய்விட்டாரா? சுவிட்சைத் தேடி அவள் கை தானாக எழுந்தது. எழுந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. வெளிச்சம் கத்திபோல் உள்ளே பாய்ந்தது. டீத்தட்டோடு நின்றார் பிச்சமுத்து.

"பிரிண்ட் நல்லா வந்துச்சா தாயி?"

கண்ணீரைப் புறங்கையால் துடைத்தபடி, "அருமையா வந்துருக்கு தாத்தா. ஓனருக்கு நானே கொண்டுபோய்க் காட்டறேன். அந்த டீயையும் குடுங்க," என்று ஒரு குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கூடத்தில் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி திறந்து கிடந்தது. கிளிப்பெண்ணைத் தூக்க நான்கு ஆட்கள் முக்கிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கர் திரும்பினார், ஒரு நொடி முகம் வெளுத்தது, மறுநொடி சிரிப்பு திரும்பியது.

"அடடா, அந்தத் தாழ்ப்பாள் மறுபடியும் விழுந்துடுச்சா? மன்னிச்சிருங்க சார்."

"தாழ்ப்பாள் கெடக்கட்டும்," என்றார் தாயுமானவன், கூட்டத்துக்கே கேட்கும்படி. "எல்லாரும் ஒரு தடவ திரும்பிப் பாருங்க. அந்தச் சுவத்துல படம். இங்க அதப் பாத்து வார்த்த நகல். படத்துல கிளி எந்தக் கையில? நகல்ல எந்தக் கையில?"

தலைகள் இப்படியும் அப்படியும் திரும்பின. முணுமுணுப்பு எழுந்தது.

"வார்த்த ஆளு பண்ண தப்பு சார். கலைஞன்தானே!" என்றார் சிவசங்கர்.

"பிளாஸ்டர் பொம்மையத் தூக்க நாலு ஆளு எதுக்குண்ணே?" என்றாள் ஜெஸ்லின். "பாவம், களைச்சுப் போயிருக்கா. டீ குடிக்கட்டும்." குவளையைக் கிளிப்பெண்ணின் தோளில் கவிழ்த்தாள்.

டீ வழிந்தது. பாருங்கள் தோழர்களே, அங்கே நடந்ததை! வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் தடவிய எண்ணெய் கல்லுக்குள் ஊறிக் கிடந்தது. எண்ணெயேறிய கல்லில் சுண்ணாம்பு எப்படி ஒட்டும்? பூச்சு பால்போல் உருகி வடிய, உள்ளிருந்து கருங்கல் தோள் பளபளத்து எழுந்தது.

கூட்டம் 'ஹா'வென்றது. ஆனால் சிவசங்கர் சாயவில்லை. சிக்கிய மிருகம்தான் கூர்மையாகக் கடிக்கும்.

"ஆமா, நிஜக் கல்லுதான்!" என்று கையை விரித்தார். "அந்த ஆரிஃபாகிட்டதான் வாங்கினேன். மத்தியானம் அவ பேத்துட்டு வந்து என்கிட்ட வித்தா. சிலை வேற எங்கயும் போயிடக் கூடாதேன்னு வாங்கினேன். நான் பண்ணது தப்புன்னா தண்டிக்கட்டும். திருடி அவதான்!"

சிலை கிடைத்தும் கயிறு இன்னும் இறுகிவிட்டதே! ஜெஸ்லின் தாயுமானவனைப் பார்த்தாள். அவர் எதிர்ச்சுவருக்கு நடந்து, சட்டமிட்ட படத்தைக் கழற்றிக் கையில் ஏந்தினார்.

"மத்தியானம் வித்தாளா? சரி. இந்தப் படத்துல உங்க சம்சாரத்துக்கு மூக்குத்தி இடப்பக்கம். வாசல்ல நிக்கறாங்க, எல்லாரும் பாருங்க, வலப்பக்கம். படத்தத் திருப்பிப் போட்டிருக்கீங்க. எதுக்கு? கிளிக்காகவா? இல்ல. வெயிலுக்காக. வடக்க இருக்கற ஆத்துக்கு முதுகக் காட்டி நின்னு எடுத்த படம். இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. திருப்பிப் போட்ட படத்துல வெயில் இடப்பக்கம் விழுதுன்னா, நிஜத்துல வலப்பக்கம் விழுந்தது. அது சாயங்கால வெயில். மத்தியானம் ஆரிஃபா பேத்துட்டுப் போன சிலை, சாயங்காலம் உங்க சம்சாரம் பக்கத்துல எப்படி நின்னுச்சு?"

"பொய்! காலையிலதான்! மூக்குத்திய ஆயிரம் தடவ மாத்துவா. அவளையே கேளுங்க. வித்யா, சொல்லு!"

கூடம் முழுவதும் வாசற்பக்கம் திரும்பியது. சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஸ்ரீவித்யா கணவனைப் பார்த்தாள். பிறகு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக நின்ற கல்பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெஸ்லின் அறிவாள். பீரோவுக்குள்ளிருந்து சாவித்துளை வழியே பார்க்கும் பார்வை அது.

"பயப்படாம சொல்லுங்க மேடம்," என்றாள் ஜெஸ்லின். "விளக்கு அணைஞ்சிடுச்சு. கதவு தொறந்துதான் இருக்கு."

கிண்ணம் மெல்ல மேசையில் இறங்கியது.

"சாயங்காலம்தாங்க," என்றாள் ஸ்ரீவித்யா. "போட்டோவுக்கு நிக்கச் சொன்னாரு, நின்னேன். அப்புறம் கார்ல போயி உக்காரச் சொன்னாரு. உக்காந்தேன். மூணு நாலு ஆளுங்க கடப்பாரையோட வந்தாங்க. அந்தப் பொண்ண நான் அங்க பாக்கவே இல்ல."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என் போட்டோவ எல்லாரும் பாத்தீங்க. கேஸுக்கே அதான் சாட்சின்னாங்க. என்னை ஒருத்தரும் கேக்கலையேங்க."

கேட்டீர்களா தோழர்களே? ஒரு பெண்ணின் படம் சாட்சியானது. அந்தப் பெண் சாட்சியாகவில்லை. ஒரு பெண்ணின் பெயர் குற்றமானது. அவளுடைய சொல் செவியேறவில்லை. கல்லாய் நின்ற பெண்ணை ஆயிரம் பேர் படம் பிடித்தோம். அவள் கையை ஒருவரும் பார்க்கவில்லை. சிவசங்கர் பூட்டிய அறை ஒன்றுதான். நாம் பூட்டி வைத்த அறைகள் எத்தனை?

ஆரிஃபா வெளியே வருவாள். சிறையில் கழிந்த அவளுடைய நாட்களை எவன் எடுத்து வந்து கொடுப்பான்? நீங்களா, நானா? கொடுக்க முடியாது. ஆனால் அடுத்தவளுடைய நாட்களைக் காக்க முடியும். ஆகவே எழுந்திருங்கள்! உங்கள் ஊர் எல்லையில் இடிந்து கிடக்கும் மண்டபத்துக்கு இந்த வாரமே போங்கள். கல்லுக்கு முதுகைக் காட்டாதீர்கள், முகத்தைக் காட்டுங்கள். தூண் தூணாகப் பாருங்கள், படமெடுங்கள், எந்தக் கையில் என்ன இருக்கிறதென்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அங்கே கேமராவோடு ஒரு பெண் நின்றால், அவள் பெயரைக் கேட்காதீர்கள்.

நீ என்ன பார்த்தாய் அம்மா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை ஓர் அடியும் நகராதீர்கள்!